நாலாவது லெம்மா

பஸ்ஸின் மூக்குக்கு நேராக ரயில்வே கேட் இறங்கியது. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் தாண்டியிருக்கலாம். டிரைவர் ஸ்டீயரிங்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்ஜினை அணைத்தார். அணைத்ததும் வெளியே நின்ற வெயில் முழுக்கப் படியேறி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. இசக்கியம்மாள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கேட்டின் குறுக்குமரம், அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதையும் தாண்டித் தூரத்தில் பல்கலைக்கழகத்தின் தண்ணீர்த் தொட்டி. பதினோரு மணிக்குக் கருத்தரங்கு, இப்போது பத்தேகால், நேரம் கிடக்கு, பதறாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சரி, முதலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். ஒரு ஊர். ஊர் நிறையத் தெரு. ஒவ்வொரு தெருவிலும் ஒரு கேட், அது தன் இஷ்டத்துக்கு அடைக்கும், தன் இஷ்டத்துக்குத் திறக்கும். ஒருவன் வீட்டை விட்டு இறங்கி எந்தத் திட்டமும் இல்லாமல் நடக்கிறான், தெருமுக்கு வந்தால் காசைச் சுண்டிப் பார்த்துத் திரும்புகிறான், கேட் அடைத்திருந்தால் திறக்கிறவரை நிற்கிறான். அவன் சராசரியாக எவ்வளவு நேரத்தில் வீடு திரும்புவான்? இதைத்தான் முதலில் பலகையில் எழுத வேண்டும், படம் போட வேண்டும், வீட்டுக்கு ஒரு ஓட்டுக்கூரை போட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள், சிரித்தால் பேச்சு தானாக ஓடும். அவள் பையில் சாக்பீஸ் டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது. துறையில் இருக்கிற சாக்பீஸ் பலகையில் பட்டதும் கிறீச்சிடும், ஆதிரை அழ ஆரம்பிக்கிற மாதிரியே. பிள்ளை இப்போது முழித்திருக்குமா? ஏழு மாசத்தில் முதல்முறையாக இவ்வளவு நேரம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வேண்டாம், அதை இப்போது நினைக்காதே, நினைத்தால் மார்பு கனத்துவிடும், சுடிதார் நனைந்துவிடும், நனைந்த சுடிதாரோடு ஹெக்டே முன்னால் எப்படி நிற்க.

ஹெக்டே பெங்களூரிலிருந்து வருகிறார். இவளுடைய பேச்சைக் கேட்கத்தான் வருகிறார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் துறையில் எல்லோருக்கும் தெரியும், கேன்டீன்காரர் வரைக்கும் தெரியும். அவருடைய நிறுவனத்தில் ஒரு நிரந்தர வேலை காலியாக இருக்கிறது. இவளுடைய உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. இந்தத் தேற்றத்தைப் பார்த்துத்தான் அவர் இவளுடைய வழிகாட்டி பியூலா மேடத்துக்கு எழுதினார், "இந்தப் பெண் யார்?" என்று. மேடம் அந்த ஒரு வரியை இசக்கிக்குப் போனில் வாசித்துக் காட்டியபோது இவள் பிள்ளைக்கு ராகிக்கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள், கூழ் அடிப்பிடித்தது. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற கணவன் கொம்பையா வந்து என்ன வாடை என்று கேட்டான், விஷயத்தைச் சொன்னதும் கரண்டியை வாங்கிக்கொண்டு, "பெங்களூர்ல ஆஸ்பத்திரி இல்லாமலா இருக்கும்? அங்க உள்ளவனுக்கும் ரத்தம் எடுக்க ஆளு வேணும்லா" என்றான். அவனுக்கு அவ்வளவுதான் கணக்கு. தேற்றம் என்னவென்று அவனுக்கு ஒருமுறை தக்காளியும் வெங்காயமும் வைத்து விளக்கியிருக்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பய வீட்டுக்கு வந்துருவான், அதான?" என்றான். அதேதான். வந்துவிடுவான். அதற்கு இத்தனை பக்கம். இதற்கு முன் போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இதையே செய்திருந்தார்கள், ஆனால் அவர்கள் ஒரு கடுமையான நிபந்தனை போட்டிருந்தார்கள். கேட் அடைத்துக் கிடக்கிற நேரங்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தாலும் அது முடிவில்லாமல் ஓடாமல் ஓர் எண்ணில் வந்து நிற்க வேண்டும் என்பது அது. இசக்கி அந்த வர்க்கத்தைத் தூக்கி எறிந்தாள். வெறும் சராசரி ஒழுங்காக இருந்தால் போதும், எப்போதாவது ஒரு நாள் கேட் பைத்தியம் பிடித்த மாதிரி நெடுநேரம் அடைத்துக் கிடந்தாலும் பரவாயில்லை, அவன் வந்துவிடுவான் என்றாள். புதுசு என்று இருந்தால் அது ஒன்றுதான் புதுசு. மற்றதெல்லாம் அவர்கள் கட்டின வீடு, இவள் வாசல்படியை மட்டும் இடித்து அகலமாக்கியிருக்கிறாள்.

"நான் வாரன்னைக்கு மட்டும் இந்தக் கேட்டுக்காரனுக்கு எப்படித்தான் தெரியுமோ" என்றாள் பக்கத்துச் சீட்டில் இருந்த வயசான அம்மா. மடியில் ஒரு பிரஷர் குக்கர் வைத்திருந்தாள், பிடி உடைந்த குக்கர், பிள்ளையை வைத்திருப்பது மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "ஒரு நாளாவது திறந்து வச்சிருக்கானா பாரு. அடச்சா அடச்சதுதான்."

"ரயிலு வர வேண்டாமா, பெரியம்மா?" என்றார் முன்சீட்டில் இருந்தவர்.

"வரட்டும், யாரு வேண்டாம்னா? நான் போன பெறவு வரட்டும்."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். இசக்கியும் சிரித்தாள். இந்தப் புலம்பல் அவளுக்குப் பிடிக்கும், ஏனென்றால் இது வெறும் புலம்பல் இல்லை, இதில் விஷயம் இருக்கிறது, முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் இதைத்தான் முதல் வகுப்பில் எடுப்பாள். உங்க வீட்டுல எத்தன பிள்ளைங்க என்று ஒவ்வொருவரையும் கேட்டு எண்ணைப் பலகையில் எழுதுவாள், சராசரி போடச் சொல்வாள், போட்டு முடித்ததும் இது ஊர்க்கணக்கு இல்லை, தப்பு என்பாள். பிள்ளையே இல்லாத வீட்டிலிருந்து ஒருத்தரும் இந்த வகுப்புக்கு வந்திருக்க முடியாது, ஆறு பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து வர ஆறு வாய்ப்பு இருக்கிறது, ஆகவே நீங்கள் எல்லோரும் பெரிய வீட்டுக்காரர்களாகத்தான் இருப்பீர்கள். அதேதான் கேட்டும். அவள் குக்கர் அம்மா பக்கம் திரும்பினாள். "அது என்னன்னா பெரியம்மா, கேட்டு சில சமயம் சட்டுனு திறந்துரும், சில சமயம் ரொம்ப நேரம் அடச்சுக் கிடக்கும். சட்டுனு திறக்கும்போது யாரும் மாட்டுறதே இல்ல. ரொம்ப நேரம் அடைக்கும்போதுதான் எல்லாரும் வந்து மாட்டுவோம். அதனால மாட்டுன ஆளுக்கு எப்பவுமே சராசரிய விட..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"சராசரிய விட?"

இசக்கி கேட்டையே பார்த்தாள்.

"என்ன தாயி, பாதியில நிறுத்திட்ட? சராசரிய விட என்ன?"

"கூட" என்றாள் இசக்கி. "கூட நேரம் நிப்போம்."

நாலாவது லெம்மா. பெரிய தேற்றத்துக்கு முட்டுக்கொடுக்கிற சின்னத் தேற்றத்தைத்தான் லெம்மா என்பது, இவளுடைய தாளில் ஆறு லெம்மா, ஆறில் நாலாவது ஒரே வரி. நடக்கிறவன் ஒரு கேட்டின் முன் வந்து நின்றால், கேட் சராசரியாக எவ்வளவு நேரம் அடைத்திருக்குமோ அதற்கு மேல் சராசரியாகக் காத்திருக்க மாட்டான் என்பது எளிதில் தெரியும். எளிதில் தெரியும் என்றே எழுதியிருக்கிறாள். இல்லை, இரு, அப்படியா எழுதினேன்? அப்படித்தான் எழுதினேன். வேறு மாதிரி எழுதியிருந்தால் நன்றாக இருக்கும் என்று மனசு தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது, எத்தனை தரம் புரட்டினாலும் அதே வரி. சரி, பதறாதே, ஒரு கணக்குப் போட்டுப் பார். நூறு தரம் கேட் அடைக்கிறது. தொண்ணூற்றொன்பது தரம் ஒரு நிமிஷம், ஒரே ஒரு தரம் நூறு நிமிஷம். மொத்தம் நூற்றுத்தொண்ணூற்றொன்பது நிமிஷம், நூறால் வகுத்தால் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. சராசரி அடைப்பு இரண்டு நிமிஷம். நாலாவது லெம்மா சொல்கிறது, வந்து நிற்கிறவன் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டான். ஆனால் கேட் அடைத்துக் கிடக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே நூறு நிமிஷம்தான். அடைத்த கேட்டில் வந்து மாட்டினவர்களில் பாதிப்பேர் அதில்தான் மாட்டியிருப்பார்கள், மாட்டினவன் சராசரியாக ஐம்பது நிமிஷம் நிற்பான், மற்றப் பாதியோடு சேர்த்துப் பார்த்தால் இருபத்தைந்து. இரண்டு என்று எழுதியிருக்கிறேன், இருபத்தைந்து. ஐயோ. ஐயோ, இதைத்தானே வருஷா வருஷம் பலகையில் எழுதிப் போட்டு, என்ன பிள்ளைகளே கவனிக்க வேண்டாமா என்று கெத்தாகக் கேட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லித் தந்துவிட்டு என் தாளில் நானே போய் மாட்டியிருக்கிறேன். எப்படி இது கண்ணில் படாமல் போனது? அந்த நாலாவது லெம்மாவை எழுதினபோது ஏழாவது மாசம், குழந்தை உள்ளேயிருந்து விலாவில் மிதித்துக்கொண்டே இருந்தது, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ரஃப் நோட்டை வயிற்றில் சாய்த்து எழுதினாள். எழுதி முடித்ததும் எவ்வளவு சின்னதாக வந்திருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தது. மேடம்கூட அதை வாசித்துவிட்டு, "நாலாவது லெம்மா ரொம்ப லட்சணமா இருக்கு இசக்கி" என்றார். லட்சணமாக இருந்ததாலேயே ஒருத்தரும் அதைத் தொட்டுத் தட்டிப் பார்க்கவில்லை. மதிப்பீட்டாளர் பார்க்கவில்லை. இணையத்தில் போட்டு எட்டு மாசமாகிறது, ஹங்கேரியில் ஒருவன் இதன் மேல் இன்னொரு தேற்றம் கட்டிவிட்டான், அவனும் பார்க்கவில்லை. அவன் கட்டினது இப்போது எங்கே நிற்கும்?

"கண்டக்டர் அண்ணாச்சி, கீழ இறங்கிக் கேட்டுட்டு வாரும், ரயிலு எங்க வருதுன்னு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் கேட்டா ரயிலு ஓடி வந்துருமா? உக்காரும்யா" என்றார் கண்டக்டர். படிக்கட்டில் நின்று, சில்லறைப் பையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன் அதிர்ந்தது. நாத்தனார் வடிவு. இசக்கியின் கை பையைத் திறக்கத் தெரியாமல் துழாவியது. "மயினி, பயப்படாத, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள் வடிவு. பயப்படாத என்றாலே பயம்தான். "பாட்டில வாயில வச்சா துப்புதா. நீ போனதுல இருந்து ஒரு சொட்டு இறங்கல. அழல, சிரிக்குதா, ஆனா துப்புதா." பின்னால் ஆதிரையின் சத்தம் கேட்டது, த்தா த்தா என்று, எச்சிலோடு. அந்தச் சத்தம் காதில் விழுந்த மறுநொடி மார்பு இரண்டும் சுள்ளென்று இறுகின. இசக்கி துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கரண்டில ஊத்திப் பாரு வடிவு. சின்னக் கரண்டி. நீ முதல்ல குடிக்கிற மாதிரி நடி." "நான் நடிக்கப் போயி நெசமாவே குடிச்சிட்டேன் மயினி, நல்லாத்தான் இருக்கு" என்று வடிவு சிரித்தாள். இசக்கிக்கும் சிரிப்பு வந்தது. எப்ப வருவ என்று கேட்டாள் வடிவு. எப்போது வருவேன். சராசரியாக எப்போது வருவேன். கேட்டு அடைத்திருக்கு, வந்துருவேன் என்றாள்.

போனை வைத்த பிறகு அந்தக் குக்கர் அம்மா, "கைப்பிள்ளையா? முகத்தப் பார்த்தாலே தெரியுதே" என்றாள். இசக்கி தலையாட்டினாள். தெரிகிறதா, என்ன தெரிகிறது? எல்லாம் தெரிகிறதா? ஹெக்டேவுக்கும் தெரியுமா? தெரியாது. அவருடைய துறை வேறு, அவர் சமச்சீர் வடிவங்களின் ஆள், கேட்டும் தெருவும் அவருக்குப் புதுசு. ஒரு மணி நேரப் பேச்சில் ஆறு லெம்மாவையும் நிரூபிக்க முடியாது, யாரும் நிரூபிப்பதில்லை, நாலாவது எளிது, தாளில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் துடைப்பானை எடுத்தால் முடிந்தது, எல்லோரும் அப்படித்தான் போவார்கள், அதில் பொய்கூட இல்லை, தாளில் இருக்கத்தானே செய்கிறது. வேலை கிடைத்த பிறகு நிதானமாக உட்கார்ந்து ஓட்டையை அடைக்கலாம். அடைத்துவிட முடியுமா? முடிந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. முடியாவிட்டால்? பெங்களூரில் வீடு எடுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், கொம்பையாவும் வேலையை விட்டுவிட்டு வந்து, அங்கே ஒரு நாள் எவனோ ஒரு மாணவன் கையைத் தூக்கி, மேடம் நாலாவது லெம்மாவில் எனக்கு ஒரு சந்தேகம் என்றால்? அந்தக் கை இப்போதே உயர்ந்திருக்கிறது. எந்த வகுப்பில், எந்தப் பெஞ்சில் என்றுதான் தெரியவில்லை. இனி ஒவ்வொரு வகுப்பிலும் அந்தக் கையைத் தேடிக்கொண்டே பாடம் எடுக்க வேண்டியதுதான். வேண்டாம், வேண்டாம், முதலில் அடைக்க முடிகிறதா பார், ரயில் வருகிறவரை நேரம் இருக்கிறது, பார்.

அவன் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வந்து நிற்கிறான் என்பதால்தான் சிக்கல். கேட் அடைக்கிற அந்த நொடியிலேயே சரியாக வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொண்டால்? அப்போது முழு அடைப்பும் நிற்பான், சராசரி சரிதான், லெம்மா நிற்கும். ஆனால் அவன் ஏன் சரியாக அந்த நொடியில் வர வேண்டும், அவனுக்கும் கேட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லையே. தெருக்கள் நிறைய இருப்பதால் எல்லாம் கலங்கிச் சமமாகிவிடும் என்று சொல்லலாமா? சொல்லலாம், நிரூபிக்க முடியாது. நீள அடைப்பை வெட்டிவிட்டால்? ஒரு அளவுக்கு மேல் அடைத்தால் கணக்கில் எடுக்கவில்லை என்றால்? அப்படிச் செய்தால் அது போலந்துக்காரர்களின் நிபந்தனையேதான், வேறு சட்டை போட்டு வருகிறது, அவ்வளவே. ஒவ்வொரு வழியும் கொஞ்ச தூரம் போய் அதே இடத்தில் வந்து முட்டியது, முட்டினதும் வேறு வழி, அதுவும் முட்டியது, நடுவில் ஆதிரை த்தா த்தா என்றது, மேடம் லட்சணமாக இருக்கு என்றார், கூழ் அடிப்பிடித்த வாடை வந்தது. வாடை நிஜமாகவே வந்தது, வெளியே யாரோ பீடி பற்றவைத்திருந்தார்கள். இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள். அடைக்க முடியவில்லை என்றால் அடைக்கவே முடியாதோ? அந்த எண்ணம் எப்படி வந்ததென்று தெரியவில்லை. லெம்மா மட்டும் இல்லை, தேற்றமே பொய்யாக இருந்தால்? ஒரு ஊர் காட்டு. தேற்றம் பொய்யாகிற ஒரு ஊரைக் காட்டு. பெரிய ஊர் வேண்டாம், சின்ன ஊர். இரண்டு முக்கு, நடுவில் ஒரு தெரு, தெருவில் ஒரு கேட். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் அவன். கேட்டின் அடைப்புச் சராசரி ஒழுங்கு, வர்க்கத்தின் சராசரி மட்டும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகிறது. அவன் ஏதோ ஒரு நேரத்தில் வருகிறான். சராசரியாக எவ்வளவு நேரம் நிற்பான்? வர்க்கத்தின் சராசரியை இரண்டு மடங்கு சராசரியால் வகுத்தால் கிடைக்கிறது. மேலே முடிவிலி, கீழே ஒரு சாதாரண எண். அவன் கேட்டுக்கு முன்னாலேயே நிற்கிறான், என்றைக்காவது திறக்கும், ஆனால் சராசரி என்று கேட்டால் அதற்கு எல்லையே இல்லை. ஒரே ஒரு தெரு. ஒரே ஒரு கேட். பள்ளிப்பிள்ளைக்குப் புரியும். நாற்பது பக்கத் தேற்றம், அதைச் சாய்க்க இவ்வளவு போதும்.

அவள் கண்ணைத் திறந்தாள். பஸ் அப்படியே இருந்தது. ஒரு பையன் இறங்கிப் போய்க் கேட்டின் மரத்துக்குக் கீழே குனிந்து தண்டவாளத்தைத் தாண்டினான், கேட்கீப்பர் கொடியை ஆட்டிக்கொண்டு ஏலே ஏலே என்று கத்தினார். இப்போது என்ன செய்ய? இறங்கித் திரும்பிப் போய்விடலாம். எதிர்ப்பக்கத்து பஸ்ஸைப் பிடித்தால் வீட்டில் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், உடம்பு சரியில்லை என்று மேடத்துக்கு ஒரு செய்தி, நிஜமாகவே உடம்பு சரியில்லைதான், நெற்றியைத் தொட்டால் சுடுகிறது. ஹெக்டே சாயங்கால ரயிலில் போய்விடுவார். அவர் போன பிறகு தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும். காரணம் ஒரு வரி எழுத வேண்டும், லெம்மா நான்கு பிழை என்று, உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாசிப்பார்கள், இவள் பெயருக்கு நேராக அந்த வரி எப்போதும் இருக்கும். தாளில் இவள் பெயர் முதலில் இருக்கிறது, மேடம் பெயர் அடுத்து, ஆகவே மேடத்தின் பெயருக்கு நேராகவும் இருக்கும். மேடத்துக்கு இன்றைக்குக் காலையில் என்ன மகிழ்ச்சி. ஆறு மணிக்கே போன் பண்ணி, பச்சைச் சுடிதார் போட்டுட்டு வா, பலகைக்கு எடுப்பா இருக்கும் என்றார். பச்சைச் சுடிதார்தான் போட்டிருக்கிறாள். இடது பக்கம் ஒரு ரூபாய் வட்டத்துக்கு நனைந்திருந்தது. துப்பட்டாவை இழுத்தாள். யோசித்தால் பயம் கூடும், இன்னும் யோசித்தால் திரும்பிப் போய்விடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அவள் போனை எடுத்து மேடத்தின் பெயரை அழுத்திவிட்டாள், அழுத்தின பிறகு வைத்துவிடப் போனாள், அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"எங்கம்மா இருக்க?" என்றார் பியூலா மேடம். பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தம்.

"கேட்டுல, மேடம். மேடம், நாலாவது லெம்மா தப்பு."

நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றது.

"வந்து நிக்கிறவன் நீளமான அடைப்புலதான் மாட்டுவான் மேடம். நான் வெறும் சராசரிய போட்டுட்டேன். நான் வகுப்புல எடுக்கிறதுதான், எனக்கே தோணல. ஓட்டைய அடைக்க முடியுதான்னு பார்த்தேன், முடியாது. லெம்மா மட்டும் இல்ல, தேற்றமே தப்பு. நான் இப்ப என்ன செய்யட்டும்? வரட்டுமா, வேண்டாமா?"

மேடம் மெதுவாக, "இசக்கி, என் கையில பஜ்ஜி எண்ணெய். போனு ஸ்பீக்கர்ல கிடக்கு" என்றார்.

அங்கே யார் யார் இருப்பார்கள், மாணவர்கள், துறைத்தலைவர், கேன்டீன்காரர்கூட. போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள், பார்த்தால் ஏதாவது மாறிவிடும் என்பது போல. அதற்குள்ளிருந்து கனமான, அறிமுகமில்லாத ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது, ஹெக்டேதான். குக்கர் அம்மா கழுத்தை நீட்டிப் போனைப் பார்த்தாள்.

"அந்தத் தேற்றத்தை உடைக்க எத்தனை கேட் வேண்டியிருந்தது?"

இசக்கி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "ஒண்ணு, சார்."

"ஒன்றே ஒன்றா?"

"ஒரு தெரு, ஒரு கேட்டு."

யாரோ இருமினார்கள். பிறகு அந்தக் குரல், "நாங்கள் காத்திருக்கிறோம். வந்து எழுதிக் காட்டுங்கள்" என்றது. அதில் கோபமா, ஏமாற்றமா, என்ன என்று ஒன்றும் தெரியவில்லை. மேடம் மட்டும் போனுக்குப் பக்கத்தில் வந்து அடிக்குரலில், "வந்துரு, என்ன? வராம இருந்துராத" என்றார். லைன் அறுந்தது.

"யாரும்மா அது, அதிகாரியா? திட்டுனானா?" என்று கேட்டாள் குக்கர் அம்மா.

"தெரியல, பெரியம்மா" என்றாள் இசக்கி. உண்மையாகவே தெரியவில்லை. வேலை போயிற்றா? போயிருக்கும். எது இருந்தது, போவதற்கு? ரயில் வந்தது. வந்தது தெரியாமல் வந்து, பெட்டி பெட்டியாகத் தடதடத்துக்கொண்டு போனது. பஸ் கண்ணாடிகள் அதிர்ந்தன. கடைசிப் பெட்டி போனதும் கேட் கிரீச்சென்று மேலே ஏறத் தொடங்கியது. பஸ்ஸில் ஒரு ஆரவாரம், டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார், எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், இவள் ஒருத்திதான் இன்னும் கொஞ்சம் அடைத்துக் கிடக்கட்டுமே என்று நினைத்தாள். ஆனால் ஒரு வண்டியும் நகரவில்லை. இந்தப் பக்கத்து பைக்குகள் முழுச் சாலையையும் அடைத்து நின்றிருந்தன, அந்தப் பக்கத்து பைக்குகளும் அப்படியே, இரண்டு கூட்டமும் தண்டவாளத்தின் நடுவில் மூக்கோடு மூக்கு வைத்து ஹார்ன் அடித்தன. கண்டக்டர், "இனி இது எந்தக் காலத்துல கலையப்போவுது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இசக்கி எழுந்தாள். "நடந்துருதேன், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தார் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பைக்குகளுக்கு நடுவில் இடம் இல்லை. ஒரு ஓரமாகப் போய்ப் பார்த்தாள், அங்கே ஒரு லாரி. மறு ஓரம் போனாள், அங்கே ஒரு சைக்கிள்காரர் அப்போதுதான் நகர்ந்து வழிவிட்டார், அவர் பின்னாலேயே நுழைந்தாள். போய் என்ன சொல்ல? நான் எட்டு மாசமாகச் சொன்னது பொய் என்று முதல் வரி. அப்புறம் ஒரு தெரு போட்டு, ஒரு கேட் போட்டு, வர்க்கத்தைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க என்ன செய்ய, எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒருவேளை அவர், சரி, ஒரு கேட்டில் பொய், எல்லா ஊரும் ஒரு கேட் ஊரா என்று கேட்டால்? கேட்பார். அப்படித்தான் கேட்பார். நிறையத் தெரு இருந்தால் எல்லாம் சமமாகிவிடும் என்று சற்றுமுன் நினைத்தேனே, சமமாகுமா? எங்கே ஆகும், ஒவ்வொரு கேட்டுக்கும் அதே பைத்தியம்தானே. ஆனால் இரண்டு தெரு இருந்து, இரண்டிலும் கேட் இருந்து, எது முதலில் திறக்கிறதோ அதில் போய்விடலாம் என்றால்? இரண்டும் ஒரே நேரத்தில் நீள அடைப்பில் மாட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் அவன் நிற்பான். ஒன்று மாட்டுவதே அபூர்வம், இரண்டும் சேர்ந்து மாட்டுவது அதைவிட. இரண்டு வாய்ப்பையும் பெருக்கினால்... அவள் தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிட்டாள். அப்போது போலந்துக்காரர்களின் வர்க்க நிபந்தனை முழுசாக வேண்டாம். அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும். மூணு தெரு என்றால் இன்னும் குறைவு. நாலு என்றால்? தெரு கூடக்கூட...

"ஏ யக்கா, தண்டவாளத்துல நின்னுக்கிட்டு என்ன கனவா? நகரு!" என்று ஒரு பைக்குக்காரன் கத்தினான்.

"இரு தம்பி" என்றாள் இசக்கி, அவனைப் பார்க்காமலே. "மூணு தெரு இருந்தா எவ்வளவு வேணும்னு பார்த்துக்கிடுதேன்."